நாய்க்கு ரஷ்யனில் ஒரு பால், உக்ரேனியனில் இன்னொரு பால்: 'சபாக்கா' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரஷ்ய மொழி வகுப்பில் முதல் மாதமே வந்துவிடுகிற சொல் இது. பூனை, வீடு, மேசை எல்லாம் சத்தமில்லாமல் கடந்து போய்விடும். நாயில் வந்து எல்லோரும் முட்டிக்கொள்வார்கள். அதிலும் உக்ரேனில் சில காலம் இருந்துவிட்டு ரஷ்யன் படிக்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் கூர்மையானவை. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை, அதனால் மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது.

எழுத்தில 'சொ'ன்னு இருக்கு, மாஸ்கோக்காரங்க 'ச'ன்னு சொல்றாங்க. எது சரி?

இரண்டும் சரி. எழுதுவது 'சொபாக்கா'. அழுத்தம் இரண்டாம் அசையான 'பா'வில் விழுகிறது. ரஷ்யனில் அழுத்தம் இல்லாத 'ஒ' தன் உருவத்தை இழந்து 'அ' பக்கம் சாய்ந்துவிடும். ஆகவே காதில் விழுவது 'சபாக்கா'. உக்ரேனியனில் அந்தச் சாய்வு கிடையாது; எழுதியபடியே 'சொபாக்கா'. பெலாரூஸ்காரர்கள் ஒரு படி மேலே போய், காதில் விழுகிறபடியே 'ச' போட்டு எழுதிவிட்டார்கள்.

இந்தப் பக்கம் முழுவதும் 'சபாக்கா' என்றால் ரஷ்யன், 'சொபாக்கா' என்றால் உக்ரேனியன் என்று கொள்ளுங்கள். இரண்டிலும் 'பா'வை 'அபாயம்' என்பதில் வரும் 'பா' போல மெல்லொலியாகச் சொல்ல வேண்டும். வேறு சில சொற்களில் தமிழ் எழுத்துக்குள் அடங்காத ஒலிகளை 'ஸ' போட்டுச் சமாளித்திருக்கிறேன்.

ரெண்டு மொழியிலயும் அர்த்தம் நாய்தானே? ஏதாவது உள்குத்து இருக்கா?

நாய்தான். ரஷ்யனுக்கும் உக்ரேனியனுக்கும் இடையே ஒரே மாதிரி ஒலித்து வேறு பொருள் தரும் சொற்கள் நிறைய உண்டு. 'நெதேல்யா' என்றால் ரஷ்யனில் வாரம். அதன் உக்ரேனிய இரட்டையான 'நெதீல்யா' ஞாயிற்றுக்கிழமை. நாய் விஷயத்தில் அந்தக் கண்ணி இல்லை. இங்கே கண்ணி இலக்கணத்தில் இருக்கிறது.

நாய்க்கு எதுக்கு ஆண்பால், பெண்பால்? நம்ம ஊர்ல 'நாய் குரைத்தது'ன்னு முடிஞ்சிடுதே?

தமிழில் பால் பொருளைப் பார்த்து வருகிறது. மனிதர் என்றால் உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை. நாய் அஃறிணை, வேலை முடிந்தது. ரஷ்யன், உக்ரேனியன் அடங்கிய ஸ்லாவிய மொழிகளில் பால் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், ஜன்னல் இரண்டும் அல்லாத அலிப்பால். அந்தப் பொருளில் ஆண்மையோ பெண்மையோ தேட வேண்டாம்.

ஒரு பெயர்ச்சொல்லின் பாலை அந்தச் சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிப்பதை விட, அதன் கூட வருகிற சொற்களைப் பார்த்துக் கண்டுபிடிப்பதே உறுதியானது. முன்னால் வரும் அடைமொழி, 'என்', 'உன்' போன்ற சொற்கள், பின்னால் வரும் இறந்தகால வினை ஆகிய மூன்றும் பெயர்ச்சொல்லின் பாலுக்கு ஏற்ப மாறும். நிகழ்கால வினை மாறாது. இறந்தகாலம் மட்டும் ஏன் என்று கேட்டால், அது பழங்காலத்தில் எச்ச வடிவமாக இருந்து பிறகு வினைமுற்று ஆனது. அடைமொழிக் குணம் இன்னும் போகவில்லை.

'ஆ'ல முடிஞ்சா பெண்பால்னு முதல் வகுப்பிலேயே சொன்னீங்க. உக்ரேனியன்ல மட்டும் ஆண்பால்னா எப்படி?

'ஆ'வில் முடிந்தால் பெண்பால் என்பது பெரும்பான்மை வழக்கம்தான், சட்டம் அல்ல. ரஷ்யனிலேயே அப்பாவுக்கு 'பாப்பா' என்று பெயர். முடிவு 'ஆ', ஆனால் 'என் அப்பா' என்பது ஆண்பாலில் 'மோய் பாப்பா'தான். ஆண்மகனைக் குறிக்கும் 'முஷ்சீனா', மாமா சித்தப்பாவைக் குறிக்கும் 'த்யாத்யா' எல்லாம் இந்தக் கூட்டம். வேற்றுமை உருபு ஏற்கும்போது பெண்பால் சொற்களைப் போல மாறும். கூட வரும் சொற்களை மட்டும் ஆண்பாலில் வைத்திருக்கும்.

உக்ரேனியன் 'சொபாக்கா'வை இந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டது, ரஷ்யன் சேர்க்கவில்லை. அதனால் 'பெரிய நாய்' ரஷ்யனில் 'பல்ஷாயா சபாக்கா', உக்ரேனியனில் 'வெலிக்கிய் சொபாக்கா'. 'நாய் குரைத்தது' ரஷ்யனில் 'சபாக்கா லாயலா', உக்ரேனியனில் 'சொபாக்கா ஹாவ்கவ்'. முன்னதில் இறுதியில் வரும் 'லா' பெண்பால், பின்னதில் 'வ்' ஆண்பால். 'பெரிய நாயைப் பார்க்கிறேன்' என்று உக்ரேனியனில் சொன்னால் வேடிக்கை கூடும்: 'பாச்சு வெலிக்கொஹொ சொபாக்கு'. அடைமொழி ஆண்பால் உருபோடு நிற்க, பெயர்ச்சொல் பெண்பால் சொற்களுக்குரிய 'உ'வோடு நிற்கும். புதிதாகப் படிப்பவர்கள் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். திருத்தாதீர்கள்.

வீட்டு கேட்ல 'நாய் ஜாக்கிரதை' பலகையில இதைப் பார்க்க முடியுமா?

அதுதான் இந்தப் பாடத்துக்குக் கிடைக்கிற இலவசக் கரும்பலகை. ரஷ்யனில் 'அஸ்தரோஷ்னா, ஸ்லாயா சபாக்கா'. உக்ரேனியனில் 'ஒபெரெஷ்னோ, ஸ்லிய் சொபாக்கா'. பொருள் 'கவனம், பொல்லாத நாய்'. 'ஸ்லாயா', 'ஸ்லிய்' இரண்டும் ஒரே அடைமொழியின் பெண்பால், ஆண்பால் வடிவங்கள். உள்ளே கட்டிக் கிடப்பது கடுவனா பெட்டையா என்பதற்கும் பலகைக்கும் சம்பந்தமில்லை.

நான் வின்னித்ஸாவுல இருந்தப்போ பலகையில 'ஸ்லா சொபாக்கா'ன்னே பார்த்திருக்கேன். அங்கத்து ஆளுங்களே தப்பா எழுதுறாங்களா?

நீங்கள் பார்த்தது உண்மையாக இருக்கும். உக்ரேனில் பலர் பெண்பாலாகவே பேசுவார்கள். ரஷ்யன் பக்கத்திலேயே புழங்கியது ஒரு காரணம். இரண்டையும் கலந்து பேசும் 'சுர்ஜிக்' என்ற கலவைப் பேச்சில் இது சாதாரணம். ஆனால் எல்லாவற்றையும் ரஷ்யன் தலையில் கட்டுவதும் சரியல்ல. 'ஆ'வில் முடியும் சொல் பெண்பால் பக்கம் வழுக்குவது எந்த ஸ்லாவிய மொழியிலும் இயல்பு. உக்ரேனிய விளக்க அகராதியே ஆண்பால் என்று போட்டுவிட்டு, பெண்பால் அருகிய வழக்கு என்று பக்கத்தில் குறித்திருக்கிறது.

தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் ஆண்பால் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி பெண்பாலில் சொன்னால் திருத்தப் போகாதீர்கள். எதிர்த்திசையிலும் கதை உண்டு: ரஷ்யாவின் தெற்கு, மேற்கு வட்டாரப் பேச்சுகளில் நாய் ஆண்பாலாக வரும். பெலாரூஸ் மொழியிலும் ஆண்பால்தான். மூன்று கிழக்கு ஸ்லாவிய மொழிகளில் தனியாக நிற்பது செந்தர ரஷ்யன்தான்.

என் ஃப்ரெண்டோட நாய் கடுவன், பேரு ரெக்ஸ். ரஷ்யன்ல அதை 'அவன்'னு சொல்லணுமா 'அவள்'னு சொல்லணுமா?

எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'ரெக்ஸ் குரைத்தது' என்று பெயரில் தொடங்கினால் ஆண்பால்: 'ரெக்ஸ் லாயல்'. 'நாய் ரெக்ஸ் குரைத்தது' என்று பொதுப்பெயரில் தொடங்கினால் 'சபாக்கா ரெக்ஸ் லாயலா'. ஒரே நாய், ஒரே குரைப்பு. நமக்கு விநோதமாக இருக்கும், ரஷ்யர்கள் கவனிப்பதுகூட இல்லை.

சொல்லின் பாலும் உயிரின் பாலும் ஒத்துப்போகிற இடமும் உண்டு. 1957 நவம்பர் 3-ஆம் தேதி ஸ்புட்னிக்-2 கலத்தில் விண்வெளிக்குப் போன லாய்க்கா பெட்டை நாய். 1960 ஆகஸ்டில் போய் உயிரோடு திரும்பிய பேல்க்கா, ஸ்த்ரேல்க்கா இரண்டும் பெட்டைகளே. காலைத் தூக்காது என்பதால் நெருக்கடியான கலத்துக்குள் கழிவுச் சேகரிப்பு எளிது என்று பெட்டைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 'லாய்க்கா' என்ற பெயர் மேலே பார்த்த 'லாயலா'வின் வேரிலிருந்தே வந்தது: குரைப்பவள்.

'ப்யோஸ்'னு இன்னொரு சொல் இருக்கே. அதை எப்போ சொல்றது?

ரஷ்யனில் 'ப்யோஸ்', உக்ரேனியனில் 'பெஸ்'. இரண்டிலும் ஆண்பால், சந்தேகமே இல்லை. உருபு ஏற்கும்போது உயிரெழுத்து விழுந்து 'ப்ஸா', 'ப்ஸு' என்று போகும். ரஷ்யனில் இந்தச் சொல் கடுவனைக் குறிக்கவும், செல்லமாகவும், ஏட்டு நடையிலும், திட்டாகவும் வரும். பொதுவாக நாய் என்று சொல்ல 'சபாக்கா'தான் முதலில் வாயில் வரும். உக்ரேனியனில் 'பெஸ்' அன்றாடச் சொல்லே. பால் குழப்பம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு நல்ல ஒதுங்கிடம்.

வயதில் மூத்தது இதுதான். போலிஷ், செக், ஸ்லோவாக், ஸ்லோவீன், செர்பியன் எல்லாவற்றிலும் நாய்க்கு இந்தக் குடும்பத்துச் சொல்லே இருக்கிறது. கீவைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய கிழக்கு ஸ்லாவிய அரசான கீவ் ரூஸின் 11-ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான 'ருஸ்காயா பிராவ்தா'வில் அடுத்தவன் நாயையோ பருந்தையோ வல்லூறையோ திருடினால் 3 ஹ்ரிவ்னா (அக்காலப் பண அலகு) தண்டம் என்று விதி இருக்கிறது. அங்கே நாய்க்கு எழுதியிருக்கும் சொல் 'பெஸ்'.

அப்போ 'சபாக்கா' எங்கிருந்து வந்துச்சு? ஸ்லாவியச் சொல்லே இல்லையா?

மற்ற ஸ்லாவிய மொழிகளில் நாய்க்குரிய சாதாரணச் சொல்லாக இது இல்லை, கிழக்கு ஸ்லாவியத்தில் மட்டுமே ஊன்றியிருக்கிறது என்பதே முதல் துப்பு. வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கும்போது வெளியிலிருந்து இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. எங்கிருந்து என்பதில் இரண்டு கட்சி.

பழைய, பெரிய கட்சி ஈரானிய மொழிகளைக் கை காட்டுகிறது. கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளில் ஸ்கித்தியர், சர்மாத்தியர், அலான்கள் என்று ஈரானிய மொழி பேசியவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தார்கள். ஸ்லாவியர்களுக்கு அண்டை வீட்டார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தன் முதல் நூலில் ஒரு செய்தி சொல்கிறார்: பாரசீக மன்னன் சைரஸைக் குழந்தையில் வளர்த்த பெண்ணின் பெயர் மீடிய மொழியில் 'ஸ்பாக்கோ', ஏனென்றால் ஈரானிய மொழி பேசிய மீடியர்கள் நாயை 'ஸ்பாக்கா' என்பார்கள். ஜொராஸ்ட்ரியர்களின் பழைய ஈரானிய மறைநூலான அவெஸ்தாவிலும் நாய்க்கு 'ஸ்பா' என்ற சொல்லும், 'நாய்த்தன்மையுள்ள' என்ற பொருளில் 'ஸ்பக' என்ற சொல்லும் உண்டு. 'ஸ்பாக்கா', 'சொபாக்கா' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள், காது உடனே ஒத்துக்கொள்ளும்.

காது ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். 'ஸ்'ஸுக்கும் 'ப'வுக்கும் நடுவே உயிரெழுத்து எப்படி வந்தது, வல்லொலி 'ப' எப்படி மெலிந்தது என்று சொல்ல வேண்டும். ரஷ்யச் சொற்பிறப்பு அகராதியை 1950-களில் ஜெர்மனியில் வெளியிட்ட மாக்ஸ் ஃபாஸ்மர், இடைக்கால ஈரானியத்தில் 'சபாக' என்ற வடிவம் இருந்திருக்கும் என்ற கருத்தைத் தந்தார். இடையில் இருந்த வடிவம் அதுவானால் இரண்டு சிக்கலும் அவிழும். ஸ்லாவியர்கள் கடன் வாங்கிய பழஞ்சொற்களில் குறில் 'அ' 'ஒ'வாக மாறுவது வழக்கம் என்பதால் முதலெழுத்தும் சரியாக அமையும்.

துருக்கிச் சொல்லுன்னும் படிச்சேனே?

அது இரண்டாவது கட்சி. ஃபாஸ்மர் அகராதியை ரஷ்யனுக்கு மொழிபெயர்த்த ஒலெக் த்ருபச்சோவ், வீட்டு விலங்குகளின் ஸ்லாவியப் பெயர்களைத் தனியாக ஆராய்ந்தவர். ஈரானிய வழி அவருக்குத் திருப்தி தரவில்லை. துருக்கிய மொழிகளில் உள்ள 'கோபெக்' என்ற சொல்லை அவர் முன்வைத்தார். இன்றைய துருக்கியிலும் நாய்க்கு இதுவே பெயர். கிழக்கு ஸ்லாவியர்கள் துருக்கிய மேய்ச்சல் மக்களோடும் நீண்ட காலம் உறவாடியவர்கள், குதிரைக்கு ரஷ்யர்கள் சொல்லும் 'லோஷத்' கூட அங்கிருந்து வந்ததே. ஆக வரலாற்றளவில் இது பொருந்தாத கதை அல்ல.

இடிக்கும் இடம் முதலெழுத்து. 'க'வில் தொடங்கும் சொல் 'ச'வில் தொடங்குவதற்கு நல்ல விளக்கம் வேண்டும். என்னைக் கேட்டால், முதலெழுத்தை மாற்றிக் காட்ட வேண்டிய கட்சியை விட நடுவே ஒரு உயிரெழுத்தை விளக்க வேண்டிய கட்சிக்கே என் ஓட்டு. வழக்கு முடிந்துவிட்டது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்ல சமஸ்கிருதத்துல இருந்து ரஷ்யன் வந்துச்சுன்னு ஒரு பட்டியல் வந்துச்சு. அதுல இந்தச் சொல்லும் இருக்கு. உண்மையா?

இல்லை. சமஸ்கிருதத்தில் நாய் 'ச்வன்'. மேலே சொன்ன அவெஸ்தாவின் 'ஸ்பா'வும் இதுவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்; வட இந்திய, ஈரானிய, ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்குத் தாயான மூல இந்தோ ஐரோப்பியத்தின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கிரேக்க 'க்யூஓன்', லத்தீன் 'கானிஸ்', லிதுவேனிய 'ஷுவோ', ஜெர்மன் 'ஹுண்ட்' எல்லாம் அதே வேர். ஈரானியக் கட்சி சரியென்றால் 'சபாக்கா' சமஸ்கிருதச் சொல்லுக்கு ஒன்றுவிட்ட உறவு, பிள்ளை அல்ல. துருக்கியக் கட்சி சரியென்றால் அந்த உறவும் கிடையாது.

தமிழுக்கு இதில் ஒரு மெல்லிய நூல் உண்டு. பைரவருக்கு வாகனம் சுவானம் என்கிறோமே, அந்தச் 'சுவானம்' சமஸ்கிருதத்திலிருந்து நாம் வாங்கிய சொல். ஈரானியக் கட்சி வென்றால், பைரவர் சன்னிதியில் நிற்பதும் மாஸ்கோ வாசல் பலகையில் நிற்பதும் மிகத் தூரத்துப் பங்காளிகள். நம் 'நாய்'க்கு இந்தக் கதையில் இடமில்லை.

பெட்டை நாய்க்கு 'சூக்கா'ன்னு அகராதியில இருந்துச்சு. வகுப்புல சொன்னேன், எல்லாரும் முறைச்சாங்க. ஏன்?

அகராதிப்படி பெட்டை நாய் 'சூக்கா', கடுவன் 'கபேல்'. நாய் வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் கூச்சமில்லாமல் சொல்வார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே முதல் சொல் கெட்ட வார்த்தை. தெருவில் நாயைக் காட்டிச் சொன்னாலும், பக்கத்தில் நிற்பவர் தன்னைத்தான் சொன்னீர்கள் என்று நினைக்கலாம். 'பெண் நாயா?' என்று கேட்க வேண்டுமானால் 'தேவச்கா?' என்று கேளுங்கள். சிறுமி என்று பொருள், பூங்காவில் நாயோடு நடப்பவர்கள் அப்படியே கேட்டுக்கொள்வார்கள்.

'நாய்க்கு'ன்னு சொல்றப்போ ரஷ்யன்ல 'க' இருக்கு, உக்ரேனியன்ல 'த்ஸ' ஆயிடுது. எங்கிருந்து குதிச்சது?

'நாய்க்கு ஐந்தாவது கால் எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை', அதாவது தேவையே இல்லை, என்று இரு மொழியிலும் ஒரே பழமொழி உண்டு. ரஷ்யனில் 'நூஷென் காக் சபாக்கே ப்யாத்தயா நகா'. உக்ரேனியனில் 'பொத்ரீபென் யாக் சொபாத்ஸி ப்யாத்தா நொஹா'. நான்காம் வேற்றுமையை மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை.

'த்ஸ'தான் பழையது, 'க' பிறகு வந்து சேர்ந்தது. பழைய ஸ்லாவியத்தில் 'க, க-வின் மெல்லொலி, ஹ' மூன்றும் சில உயிரெழுத்துகளுக்கு முன்னால் பல்லுக்கு அருகே நகர்ந்து 'த்ஸ, ஸ' வகை ஒலிகளாகிவிடும். உக்ரேனியன் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது: கை 'ருக்கா', கைக்கு 'ருத்ஸி', கால் 'நொஹா', காலுக்கு 'நொஸி'. ரஷ்யன் எல்லா வேற்றுமையிலும் அடிச்சொல் ஒரே முகத்தோடு இருக்கட்டும் என்று சமன் செய்துவிட்டது: 'ருக்கே', 'நகே', 'சபாக்கே'. வடக்கே நோவ்கொரோதில் பழங்காலப் பேச்சு இந்த மாற்றத்துக்கே உட்படவில்லை என்பது 1951 முதல் அங்கே தோண்டியெடுத்த பிர்ச் மரப்பட்டைக் கடிதங்களால் தெரியவந்தது. அதைப் படித்து விளக்கியவர் மொழியியலாளர் அந்திரேய் ஸலிஸ்னியாக். ஏழாம் வேற்றுமையிலும் இதே வேறுபாடு, இதே காரணம்.

மற்ற வேற்றுமை எல்லாம்? தமிழோட ஒப்பிட்டுச் சொன்னா மனசுல நிக்கும், அக்கா.

'நாயை' என்பதற்கு 'சபாக்கு', 'சொபாக்கு'. 'நாயின்' என்பதற்கு 'சபாக்கி', 'சொபாக்கி'. நம் மூன்றாம் வேற்றுமையில் ஆல், ஓடு இரண்டும் அடங்குவது போல அவர்களுக்கும் ஒரே உருபு: ரஷ்யன் 'சபாக்கய்', உக்ரேனியன் 'சொபாக்கொயு'. 'ஓடு' என்ற பொருள் வேண்டுமானால் முன்னால் ஓர் இடைச்சொல் சேர்ப்பார்கள். செகாவ் 1899-இல் வெளியிட்ட, யால்தா கடற்கரையில் தொடங்கும் சிறுகதையின் தலைப்பு 'தாமா ஸ் சபாச்கய்', நாய்க்குட்டியோடு வரும் சீமாட்டி. மூன்றாம் வேற்றுமையை அந்தத் தலைப்பில் மாட்டி வைத்துவிடுங்கள். நம் ஐந்தாம் வேற்றுமைக்குத் தனி உருபு இல்லை. 'நாயிலிருந்து' என்பதை இடைச்சொல்லோடு ஆறாம் வேற்றுமையில் சொல்லிவிடுவார்கள்.

விளி வேற்றுமையில் உக்ரேனியன் நமக்குச் சொந்தக்காரன். 'நாயே!' என்பது அங்கே 'சொபாக்கோ!', திட்டுவதற்கும் நம்மைப் போலவே பயன்படும். ரஷ்யன் விளியை இழந்துவிட்டது. கடவுளை அழைக்கும் 'போஷெ', 'கோஸ்பதி' போன்ற சில எச்சங்களே மிச்சம். நாயைத் திட்ட எழுவாய் வடிவமே போதும். விளியைச் சேர்த்து எட்டு என்று தொல்காப்பியம் எண்ணுகிறது. உக்ரேனியர்கள் விளியோடு ஏழு, ரஷ்யர்கள் விளி இல்லாமல் ஆறு. சோவியத் காலத்து உக்ரேனியப் பாடநூல்கள் விளியை வேற்றுமைக் கணக்கில் சேர்க்காமல் வெறும் 'விளி வடிவம்' என்று ஒதுக்கின. இப்போது மறுபடி வேற்றுமையாக எண்ணுகிறார்கள்.

'நாய்வால்'னு சொல்ல ஆறாம் வேற்றுமை போட்டேன். 'சபாச்சி'ன்னு திருத்தினாங்க. அது என்ன?

'சபாச்சி' அடைமொழி. குறிப்பிட்ட ஒரு நாயின் வால் என்றால் ஆறாம் வேற்றுமை. நாய்க்குரிய வால் என்று பொதுவாகச் சொன்னால் அடைமொழி. உக்ரேனியனிலும் 'சொபாச்சிய்'. கீவில் பிறந்து ரஷ்யனில் எழுதிய புல்ககோவின் 'நாய் இதயம்' கதைத் தலைப்பில் இருப்பது இந்த அடைமொழியே. அது 1925-இல் எழுதப்பட்டு, சோவியத் நாட்டில் 1987-இல்தான் அச்சேறியது. கடுங்குளிருக்கும் இரு மொழியிலும் 'நாய்க் குளிர்' என்றே பெயர்.

'சபாச்கா' என்று சிறுமைப் பொருளில் சொன்னால் நாய்க்குட்டி மாதிரி சின்ன நாய். அதே சொல் ரஷ்யனில் துப்பாக்கியின் விசைக்கும், ஜிப்பை இழுக்கும் துண்டுக்கும் பெயர். தையல் கடையில் 'சபாச்கா உடைந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். உக்ரேனியனில் குட்டி 'சொபாசென்யா' அலிப்பால். விலங்குக் குட்டிகள் பலவற்றுக்கு அங்கே இப்படி அலிப்பால் பெயர் உண்டு.

'சபாக்கின்'னு குடும்பப் பேரு பார்த்தேன். நாய்னு பேரு வச்சா கோவம் வராதா?

பழைய ரஷ்யாவில் விலங்குப் பெயரைப் பட்டப்பெயராக வைப்பது சாதாரணம், அதிலிருந்து குடும்பப் பெயர் கிளைக்கும். ரஷ்ய மன்னன் இவான் தி டெரிபிள் 1571-இல் மணந்த மூன்றாம் மனைவி மார்ஃபா சபாக்கினா. திருமணமான சில நாட்களிலேயே இறந்துபோனாள். பொல்தாவா பகுதியில் பிறந்த கோகல், 1842-இல் வந்த 'இறந்த ஆத்மாக்கள்' நாவலில் ஒரு முரட்டு நிலக்கிழாருக்கு 'சபாக்கேவிச்' என்று பெயர் வைத்தார். அது மரியாதைக்காக வைத்த பெயரில்லை.

'நாயைத் தின்னவன்'னு ஒருத்தரைப் பாராட்டினாங்க. பாராட்டா அது?

பாராட்டுதான். 'சபாக்கு ஸ்யேல்' என்றால் அந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஏன் நாய் என்பதற்கு ஊருக்கு ஒரு கதை சொல்வார்கள், எதற்கும் நல்ல ஆதாரம் இல்லை.

இன்னொரு தொடர் ஜெர்மனிலிருந்து அப்படியே வந்தது: 'நாய் புதைந்திருக்கும் இடம் இதுதான்', அதாவது விஷயத்தின் முடிச்சு இங்கே இருக்கிறது. ரஷ்யனில் 'வோத் க்த்யே சபாக்கா ஸரீத்தா'. உக்ரேனியனில் கவனமாக எழுதுகிறவர்கள் ஆண்பாலில் 'ஸரித்திய்' என்பார்கள். பெண்பால் 'ஸரித்தா'வும் காதில் விழும். வாசல் பலகை பற்றிச் சொன்ன அதே இழுபறி.

மின்னஞ்சல் முகவரி சொல்றப்போ நடுவுல 'சபாக்கா'ங்கறாங்களே?

முகவரியில் பெயருக்கும் தளத்துக்கும் நடுவே வருகிற வட்டமிட்ட 'a' குறிக்கு (@) ரஷ்யனில் பெயர் 'சபாக்கா'. சுருண்டு படுத்த நாய் போல இருக்கிறதாம். முகவரி ஒப்பிக்கும்போது உருபு எதுவும் சேராது. உக்ரேனியர்கள் அதை 'ராவ்லிக்', நத்தை, என்பார்கள். 'பெசிக்', குட்டி நாய், என்பவர்களும் உண்டு. எனக்கு நத்தைதான் பொருத்தமாகப் படுகிறது.

பன்மையில பால் பிரச்சினை இருக்காதுன்னு சொன்னாங்க. ஆனா 'ரெண்டு நாய்'னு எழுதினதுக்கு மார்க் குறைச்சிட்டாங்க.

பன்மையில் அடைமொழிக்கும் வினைக்கும் பால் கிடையாது, அதுவரை சரி. 'நாய்கள் குரைத்தன' என்பதில் எந்த மொழியிலும் தடுமாற வேண்டாம். ஆனால் 'இரண்டு' என்ற எண் மட்டும் பாலைக் கேட்கும். ரஷ்யனில் பெண்பாலுக்கு 'த்வே', ஆகவே 'த்வே சபாக்கி'. உக்ரேனியனில் ஆண்பாலுக்கு 'த்வா', ஆகவே 'த்வா சொபாக்கி'. உக்ரேனியன் பேசி வந்தவர் ரஷ்யனில் 'த்வா சபாக்கி' என்று எழுதினால் மதிப்பெண் போகத்தான் செய்யும்.

இதில் இன்னொரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. 'த்வே'க்குப் பிறகு ரஷ்யன் கேட்பது ஒருமை ஆறாம் வேற்றுமை. 'த்வா'வுக்குப் பிறகு உக்ரேனியன் கேட்பது பன்மை எழுவாய். 'நாய்' என்ற சொல்லில் அந்த இரண்டு வடிவமும் எழுத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக இருப்பதால் வேறுபாடு தெரியாது. வேறு சொல்லைப் போட்டுப் பார்த்தால் வெளியே வரும்: இரண்டு மேசை ரஷ்யனில் 'த்வா ஸ்தலா', உக்ரேனியனில் 'த்வா ஸ்தொலி'. ஐந்திலிருந்து இரு மொழியும் சமாதானமாகிவிடும்: 'ப்யாத் சபாக்', 'ப்யாத் சொபாக்', இறுதி உயிரெழுத்து உதிர்ந்த பன்மை ஆறாம் வேற்றுமை.

'நாய்களைப் பார்த்தேன்'னு சொல்றப்பவும் அதே 'சபாக்' வருதே, அது ஏன்?

உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பிரிவினால். பன்மையில் இரண்டாம் வேற்றுமைக்குத் தனி உருபு இல்லை. உயிரற்ற பொருளானால் எழுவாய் வடிவத்தைக் கடன் வாங்கும், உயிருள்ளதானால் ஆறாம் வேற்றுமை வடிவத்தை. ஆக மேசைகளைப் பார்த்தால் எழுவாய் வடிவம், நாய்களைப் பார்த்தால் 'சபாக்'. ஒருமையில் இது வெளியே தெரியாது, ஏனென்றால் 'ஆ'வில் முடியும் சொல் உயிருள்ளதோ இல்லையோ 'உ' உருபை ஏற்றுவிடும். உக்ரேனியன் மனிதர்கள் விஷயத்தில் இந்த விதியை இறுக்கமாகப் பிடிக்கும், வளர்ப்பு விலங்குகளில் தளர்த்திவிடும்: மாடுகளை மேய்க்கிறேன் என்பதை இரண்டு வடிவத்திலும் சொல்லலாம். ரஷ்யனில் அந்தச் சலுகை கிடையாது, மாடானாலும் நாயானாலும் ஆறாம் வேற்றுமை வடிவமே.